மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்!

*தொடங்குவதற்கு ஒரு நேரமும் இடமும் வேண்டும். முடிப்பதற்கு, எதிர்முனையில் ஓர் ஆள் வேண்டும். தள்ளிப்போடும் பழக்கம் பற்றி ஆய்வுகளும் அனுபவமும் சொல்லும் சேதி இவ்வளவுதான்!*

2024 ஜூலை 31, புதன்கிழமை. மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடைப்பட்ட அந்த ஒரே மணி நேரத்தில், நாடு முழுவதும் 5.07 லட்சம் வருமான வரிக் கணக்குகள் தாக்கலாகின. அன்றைய ஒரு நாள் கணக்கு மட்டும் 69.92 லட்சம். கெடு தேதிவரை வந்த மொத்தக் கணக்குகளோ 7.28 கோடி. அதாவது, ஏறக்குறைய பத்தில் ஒரு கணக்கு, கடைசி நாளில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சம்பளக்காரர்களுக்கு ஜூன் 15-க்குள் ஃபார்ம் 16 கைக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஆறு வாரம் இருக்கிறது. அந்த ஆறு வாரமும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றே ஓடுகிறது. தள்ளிப்போட்டவர்கள் சோம்பேறிகளா? காலையில் எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ்ஸோ ரயிலோ பிடித்து, நாள் முழுக்க உழைக்கிறவர்கள்தானே! அவர்களில் ரீஃபண்ட் வர வேண்டியவர்களும் உண்டு. சொந்தப் பணம் திரும்பி வருவதற்கான வேலையையே ஆறப்போடுகிறோம் என்றால், இதைச் சோம்பல் என்று ஒற்றை வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜூலை 31 மாலையில் யாருக்கும் வரிக் கணக்கின் மேல் திடீர்க் காதல் பிறந்துவிடவில்லை. அதே ஃபார்ம், அதே அலுப்பு, அதே ஓடிபி. ஆசை துளிக்கூட இல்லாமலேயே வேலை நடந்து முடிந்தது. ‘மூடு வந்தால் செய்வேன்’, ‘மோட்டிவேஷன் இருந்தால் முடிப்பேன்’ என்று நாம் சொல்லிக்கொள்ளும் கதை இந்த இடத்தில் ஆட்டம் கண்டுவிடுகிறது. மூடு இல்லாமலும் வேலை நடக்கும். அப்படியென்றால், அதை நடத்துவது எது?

சோம்பல் இல்லை, சங்கடம்

சோம்பேறி சும்மா இருப்பார். தள்ளிப்போடுகிறவர் சும்மா இருக்க மாட்டார். நாளைக்குப் பரீட்சை என்றால், இன்றைக்குப் பார்த்துத்தான் புத்தக அலமாரியைத் துடைத்து அடுக்கத் தோன்றும். ஆபீஸுக்கு ஒரு முக்கியமான ரிப்போர்ட் எழுத வேண்டிய நாளில்தான், ஆறு மாதமாகக் கண்ணில் படாத ஃபேன் தூசி கண்ணை உறுத்தும். உழைப்பு குறைவதே இல்லை. வேறு பக்கம் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

உளவியலாளர்கள் ஃபூஷா சிரோயிஸ், டிமொதி பிச்சில் இருவரும் 2013-ல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. தள்ளிப்போடுவது, நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருகிற கோளாறு அல்ல; மனநிலையைக் கையாளும் ஒரு குறுக்குவழி என்கிறார்கள் அவர்கள். ஒரு வேலையை நினைத்தாலே பயமோ, குழப்பமோ, அலுப்போ, எரிச்சலோ வருகிறது. வேலையைத் தள்ளிவைத்ததும் அந்தச் சங்கடம் உடனே விலகுகிறது. அந்த நிம்மதிதான் பரிசு. பரிசு கிடைத்த காரியத்தை மனம் திரும்பத் திரும்பச் செய்யும். நாளைய சுமையை இன்றைய நிம்மதிக்கு விலையாகக் கொடுக்கிறோம்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். மின் இணைப்பு அவர் பெயரிலேயே இருக்கும். வீட்டு வரி ரசீது அவர் பெயரில் வரும். பட்டா பெயர் மாற்றம் செய்ய வேண்டும், அதற்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணன் தம்பிகள் கூடும்போது பேச்சு வரும், ‘இந்த வருஷம் முடிச்சிரணும்’ என்பார்கள், அப்படியே கலைவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலட்சியமாகத் தெரியும். உள்ளே இருப்பது வேறு. அந்த விண்ணப்பத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுத வேண்டியிருக்கிறது. தங்கைக்குப் பங்கு என்ன என்ற பேச்சை எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த ஆபீஸில் யாரைப் பார்ப்பது என்றும் தெரியவில்லை. துக்கம், தயக்கம், குழப்பம் மூன்றும் ஒரே பேப்பருக்குள் இருக்கின்றன. அதைத் திறக்க யாருக்குக் கை வரும்?

எனவே, ஒரு வேலை நாள்கணக்கில் இழுத்தடிக்கிறதென்றால் உங்களைத் திட்டிக்கொள்ளும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதில் எந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை?’ அலுப்பு என்றால் பாட்டுப் போட்டுக்கொண்டு செய்யலாம். குழப்பம் என்றால் தெரிந்தவரிடம் கேட்கலாம். பயம் என்றால் துணைக்கு ஆளைக் கூட்டிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் ‘சோம்பேறி’ என்று பெயர் வைத்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது.

ஒரு வரைபடம் செய்த வேலை

1965-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவென்தாலும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்களுக்கு டெட்டனஸ் நோய் பற்றி ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்பட்டது. சிலருக்குக் கொடுத்ததில் குலைநடுங்க வைக்கும் படங்கள். சிலருக்கு மென்மையான விளக்கம். படித்தவர்கள் தடுப்பூசி அவசியம் என்று ஒப்புக்கொண்டார்கள். பயங்கரப் படங்களைப் பார்த்தவர்களுக்குப் போட்டுக்கொள்ளும் எண்ணம் இன்னும் அதிகமாகவே இருந்தது. ஆனால், உண்மையில் போய் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம் பேர்தான்.

இன்னொரு பிரிவினருக்கு, அதே புத்தகத்தோடு ஒரே ஒரு விஷயம் கூடுதலாகத் தரப்பட்டது. பல்கலைக்கழக வளாகத்தின் வரைபடம். அதில் சுகாதார மையம் குறிக்கப்பட்டிருந்தது. ஊசி போடும் நேரங்களும் இருந்தன. ‘உங்கள் வார அட்டவணையைப் பாருங்கள். எந்த வகுப்பு முடிந்து போகும்போது இந்தப் பக்கம் வருவீர்கள் என்று யோசியுங்கள்’ என்றார்கள். இந்தப் பிரிவில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 28 சதவீதம்! படித்த புத்தகம் பயமுறுத்தியதா, மென்மையானதா என்பது இந்த எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றவில்லை.

பயம், ஆசை, உறுதி எல்லாம் மனதில் இருந்தும் கால் நகரவில்லை. எப்போது, எந்த வழியாக என்பது தெளிந்ததும் நகர்ந்துவிட்டது.

பிறகு வந்த ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதையே ஒரு முறையாக வளர்த்தெடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்கப்பட்டது. பண்டிகை நேரத்தில் யாருக்கு எழுத மனசு வரும்? எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் எழுதி முடித்தார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான்.

திருக்குறளில் வினைத்திட்பம், வினை செயல்வகை என்று தனித்தனி அதிகாரங்களே இருக்கின்றன. ஒரு செயலில் இறங்குமுன் கையிலிருக்கும் வளம், கருவி ஆகியவற்றோடு காலத்தையும் இடத்தையும் ஐயமில்லாமல் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர்.

‘வாரிசுச் சான்றிதழ் வாங்கணும்’ என்பது ஆசை. ‘சனிக்கிழமை காலை 10 மணிக்கு, மார்க்கெட் போய்விட்டு வரும் வழியில் இ-சேவை மையத்தில் இறங்கி, என்னென்ன பேப்பர் வேண்டும் என்று மட்டும் கேட்டு வருவேன்’ என்பது வேலை. முதலாவது வருடக்கணக்கில் ஆசையாகவே இருக்கும். இரண்டாவது சனிக்கிழமை பதினொரு மணிக்குள் முடிந்துவிடும்.

கை வைத்தால் மனசு வரும்

‘முதலில் மனசு, பிறகு செயல்’ என்ற வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்கள் மனநல மருத்துவத் துறையினர். மனச்சோர்வில் இருப்பவருக்கு எதிலும் நாட்டம் இருக்காது. நாட்டம் வந்த பிறகு நடக்கலாம் என்றால் அவர் எழவே மாட்டார். அதனால் சிகிச்சையாளர், நாட்டம் வருகிறதா என்று பார்ப்பதில்லை. காலை ஏழு மணிக்குப் பத்து நிமிட நடை, பதினொரு மணிக்குத் தம்பிக்கு ஒரு போன் என்று நேரம் குறித்துக் கொடுக்கிறார். மனநிலை எப்படி இருந்தாலும் அதைச் செய்ய வேண்டும். 1996-ல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழுவினர் நடத்திய ஆய்வில், இந்தச் செயல்பாட்டுப் பகுதி மட்டுமே, எண்ணங்களை மாற்றுவதையும் சேர்த்துச் செய்யும் முழுச் சிகிச்சைக்கு இணையான பலனைத் தந்தது. கை முன்னால் போன பிறகு மனசும் பின்னால் போயிருக்கிறது.

அப்படியானால், முதல் அடியை எவ்வளவு சின்னதாக வைப்பது? மனம் எதிர்ப்புச் சொல்ல வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக! கட்டுரை எழுத வேண்டும் என்றால், கோப்பைத் திறந்து தலைப்பு மட்டும். பரண் சுத்தம் என்றால், ஏணியை எடுத்துவந்து சாத்தி, ஒரே ஒரு மூட்டையை இறக்குவது மட்டும். ஐந்து நிமிடம் செய்த பிறகும் பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று உங்களுக்கே அனுமதி கொடுங்கள். பெரும்பாலும் நிறுத்த மாட்டீர்கள்.

இதற்கும் ஓர் ஆய்வுப் பின்னணி உண்டு. 1920-களில் பெர்லினில் உளவியலாளர் கர்ட் லெவினிடம் ஆய்வு செய்த இரண்டு பெண்கள் புளூமா சைகார்னிக், மரியா ஒவ்சியான்கினா. பாதியில் நின்ற வேலைதான் நினைவில் நன்றாகத் தங்கும் என்று 1927-ல் சைகார்னிக் எழுதியது உலகப் புகழ் பெற்றது. ஆனால், அதைத் திரும்பச் சோதித்த பலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. 1928-ல் ஒவ்சியான்கினா கண்டது அவ்வளவு பேசப்படவில்லை. ஆனால், உறுதியாக நிற்பது அதுதான். ஒரு வேலையின் நடுவில் இடைமறிக்கப்பட்டவர்கள், தடை விலகியதும், யாரும் சொல்லாமலேயே, எந்தப் பரிசும் இல்லாமலேயே விட்ட இடத்துக்குத் திரும்பி வேலையைத் தொடர்ந்தார்கள். தொட்ட வேலை நம்மை இழுக்கும். தொடாத வேலைக்கு அந்த இழுப்பு கிடையாது.

எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே இதைத் தன் தொழிலில் பயன்படுத்தினார். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவதாக 1958-ல் வெளியான ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை, மேஜையில் வெற்றுத்தாள் அவருக்காகக் காத்திருக்காது. அடுத்து எழுத வேண்டியது காத்திருக்கும்.

ஆரம்ப சூரர்களின் நடுவழி

தொடங்கியவர்கள் எல்லாம் முடித்துவிடுகிறார்களா? ஜனவரி பத்தாம் தேதிக்குப் பிறகு வெறுமையாகக் கிடக்கும் டைரிகளைக் கேட்டால் சொல்லும். முதல் வாரம் ஹிந்தி கிளாஸ், இரண்டாம் வாரம் பாதி, மூன்றாம் வாரம் ‘வேலை ஜாஸ்தி’. நம் ஊரில் இதற்கு ஆரம்ப சூரத்தனம் என்று பெயர்.

நடுவழியில் தொய்வு வருவது ஏன்? தொடக்கத்தில் இருப்பவர் ‘எவ்வளவு தூரம் வந்துவிட்டேன்’ என்று பின்னால் பார்க்கிறார்; ஒவ்வோர் அடியும் பெரிதாகத் தெரிகிறது. முடிவை நெருங்கியவர் ‘இன்னும் இவ்வளவுதான்’ என்று முன்னால் பார்க்கிறார். அங்கேயும் ஒவ்வோர் அடியும் பெரிது. நடுவில் நிற்பவருக்கு இரண்டு கரையும் தெரிவதில்லை. ஆண்ட்ரியா பொனெசி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011-ல் இதைச் சோதனைகள் மூலம் காட்டினார்கள்.

கரையைப் பக்கத்தில் கொண்டுவர முடியுமா? 2006-ல் வெளியான ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரேஸ் ஆய்வு ஒன்று சுவாரஸ்யமானது. கார் கழுவும் நிலையத்தில் வாடிக்கையாளர்களுக்கு அட்டை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை கழுவும்போதும் ஒரு முத்திரை. அட்டை நிறைந்தால் ஒருமுறை இலவசம். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் கொண்ட அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம். ஆனால், அதில் இரண்டு முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தது. இரு பிரிவினருக்குமே பாக்கி எட்டுதான். முதல் பிரிவில் அட்டையை நிரப்பியவர்கள் 19 சதவீதம்; இரண்டாவதில் 34 சதவீதம். ஏற்கெனவே கொஞ்சம் தாண்டிவிட்டோம் என்ற உணர்வே மீதியைத் தாண்ட வைத்திருக்கிறது.

நாமும் இதைச் செய்துகொள்ளலாம். செய்ய வேண்டியவற்றின் பட்டியல் எழுதும்போது, ஏற்கெனவே செய்துவிட்ட இரண்டையும் சேர்த்து எழுதி டிக் அடியுங்கள். இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? டிக். ரேஷன் கார்டு, ஆதார் நகல் எடுத்தாயிற்றா? டிக். மூன்று மாத வேலையை மூன்று மாத வேலையாக வைக்காமல், வாரா வாரம் முடியும் பன்னிரண்டு வேலையாக வெட்டுங்கள். ஒரு வாரத்துக்கு நடுப்பகுதி என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை.

எதிர்முனையில் ஓர் ஆள்

சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வருபவர்களில் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் ஏராளம். படிக்கும் புத்தகம் அவர்களுடையது. மேஜையும் நாற்காலியும் வீட்டிலும் இருக்கலாம். இருந்தும், டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வருகிறார்கள். அமைதியும் காற்றோட்டமும் ஒரு காரணம். இன்னொரு காரணம், பக்கத்து நாற்காலி. பக்கத்தில் ஒருவர் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருக்கும்போது, நாம் போனை எடுத்து ரீல்ஸ் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

சீட்டுக் கட்டுவதைப் பாருங்கள். மாதம் 5,000 ரூபாயை வங்கியில் தனியாகச் சேமிக்கச் சொன்னால் மூன்றாவது மாதமே கை வைத்துவிடுகிற மனிதர், இருபது பேர் சீட்டில் சேர்ந்தால் தேதி தவறாமல் கட்டிவிடுகிறார். அவருடைய மன உறுதி ஒரே மாதத்தில் கூடிவிட்டதா? இல்லை. அவர் கட்டாவிட்டால் அந்த மாதம் எடுக்க வேண்டியவர் வாசலில் வந்து நிற்பார்.

தமிழின் பெரும் பணிகள் சிலவற்றுக்குப் பின்னாலும் இப்படி ஓர் ஆள் நின்றிருக்கிறார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். தான் பாடம் கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா என்று ஐயர் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்த நூலைப் பார்த்ததே இல்லை.

கதை அந்தக் கேள்வியோடு முடிந்திருந்தால், ஒரு வாரம் வருத்தப்பட்டுவிட்டு ஐயர் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். முதலியார் கையெழுத்துப் பிரதி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். தனக்குப் பாடம் சொல்லும்படி கேட்டார். பாடம் கேட்க ஒருவர் வந்து உட்கார்ந்தால், சொல்பவர் முந்தைய நாளே படித்தாக வேண்டும். புரியாத இடங்களைச் சமண அன்பர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார் ஐயர். பிறகு ஏடு தேடல், பாட பேதம் பார்த்தல், அச்சுப் பிழை திருத்தல். நூல் வெளிவரும் முன்பே கையொப்பமிட்டு ஆதரவு தந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஏழு ஆண்டுகள்! அதற்குப் பிறகு பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும் வந்தன. ஐயரின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அந்த உழைப்பு திசை மாறாமல் ஓடியதற்கு, ‘அடுத்த பாடம் எப்போது?’ என்று கேட்க ஒருவர் இருந்ததும் காரணம்.

கல்கி 1950 அக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ தொடரைத் தன் பத்திரிகையில் தொடங்கினார். மூன்றரை ஆண்டுகள், ஐந்து பாகங்கள், வாரந்தோறும். அவர் பத்திரிகை ஆசிரியரும்கூட. தலையங்கம் முதல் எழுத வேண்டியவை எத்தனையோ. இருந்தும் அத்தியாயம் வந்தது. வாசகர் காத்திருந்தார், அச்சகமும் காத்திருந்தது. வாரப் பத்திரிகையில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூடு வந்த வாரத்தில் மட்டும் இதழ் வருவதில்லை!

உங்களுக்கும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். மேலதிகாரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ‘ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு உனக்கு அனுப்புறேன், வரலைன்னா போன் பண்ணு’ என்று நண்பரிடம் சொன்னால் போதும். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். சொன்னதிலேயே பாதி திருப்தி வந்துவிடும் ஆபத்து உண்டு. கேட்கக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள்.

நேரம் யாருடையது?

ஊக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் சாதாரணமாகத் தாண்டிப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. தள்ளிப்போடுவதற்குக்கூட முதலில் சொந்தமாக நேரம் வேண்டும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரமும் ஒன்றரை மணி நேரமும்!

இந்த ஐந்து மணி நேரமும் சேர்ந்தாற்போல் வருவதில்லை. குக்கர் விசில், பால்காரர், மாமியாரின் மாத்திரை, பிள்ளையின் ஹோம்வொர்க் என்று நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. பாதியில் விட்ட பி.எட். படிப்பை ஒரு பெண் தொடரவில்லை என்றால், அவளுக்கு மோட்டிவேஷன் வீடியோ அனுப்புவதில் அர்த்தமில்லை. தினமும் மாலை ஏழிலிருந்து எட்டுவரை அடுப்படியையும் பிள்ளையையும் வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு மணி நேரம் கிடைத்தால், ஊக்கம் தானாக வரும். கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய மோட்டிவேஷன் அதுதான்.

34 நாள் என்றார்கள்... 55 நாள் ஆனது

முடிக்க முடியாமல் போவதற்கு இன்னொரு காரணம், நாம் போடும் தப்புக் கணக்கு. 1994-ல் ரோஜர் பியூலர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் சுமார் 34 நாள். எல்லாமே மோசமாகப் போனால்? சுமார் 49 நாள். உண்மையில் எடுத்துக்கொண்டது 55 நாளுக்கும் மேல். தாங்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலையைக்கூட யதார்த்தம் தாண்டிவிட்டது.

மாணவர்கள் மட்டுமா? 1913-ல் பணி தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, ஆறு தொகுதிகளாக நிறைவடைந்தது 1936-ல். 1926-ல் பொறுப்பேற்ற எஸ்.வையாபுரிப் பிள்ளை அதைக் கரைசேர்த்தார். பின்னிணைப்பு 1939-ல் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த அகராதி இன்றும் ஆய்வாளர்களின் மேஜையில் இருக்கிறது. தாமதத்தால் ஒரு பணி கெட்டுவிடுவதில்லை. ‘தாமதமாகிவிட்டது, இனி எதற்கு?’ என்று கைவிடும்போதுதான் கெடுகிறது.

ஆகவே, எதற்கும் நாள் குறிக்கும்போது இப்போது தோன்றும் கணக்கை நம்பாதீர்கள். இதே மாதிரி வேலை போன முறை எத்தனை நாள் பிடித்தது என்று பாருங்கள். அதுதான் உங்கள் கணக்கு. வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கொத்தனார் சொன்ன தேதியில் யாராவது கிரகப்பிரவேசம் வைத்ததுண்டா?

முற்றுப்புள்ளி வைக்கும் துணிச்சல்

தொண்ணூறு சதவீதம் வந்து நின்றுவிடும் வேலைகள் தனி ரகம். சட்டை தைத்தாகிவிட்டது, பட்டன் வைக்கவில்லை. கதை எழுதியாகிவிட்டது, அனுப்பவில்லை. இங்கே தடுப்பது களைப்பு அல்ல. முடித்துக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் குறை சொல்லலாம் என்ற பயம். முடிக்காதவரை, ‘இன்னும் நன்றாக வரும்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கு ஒரே வழி, எங்கே நிறுத்துவது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைப்பது. ‘இரண்டு முறை திருத்துவேன், மூன்றாவது முறை கிடையாது.’ ‘எட்டுப் பக்கம் வந்ததும் அனுப்பிவிடுவேன்.’ எல்லை எழுத்தில் இருந்தால், பயம் வந்து பேரம் பேச முடியாது.

சில வேலைகளைக் கைவிடுவதும் முடிப்பதுதான். ஐந்து வருடமாக வாசிக்காமல் கிடக்கும் கிடார், இரண்டாவது பாடத்தோடு நின்ற ஆன்லைன் கோர்ஸ். இவை நிஜமாகவே உங்களுக்கு வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கிடாரை ஆசைப்படும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். கிடப்பில் கிடக்கும் ஒவ்வொன்றும் மனதின் ஓரத்தில் வாடகை இல்லாமல் குடியிருக்கிறது. காலி செய்தால், மிச்சமிருப்பதை முடிக்க இடம் கிடைக்கும்.

இன்றே செய்து பார்க்க ஆறு வழிகள்

1. நீண்ட நாளாக இழுக்கும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தை ஒன்றாக எடுக்க வேண்டாம்.
2. அதில் எது சங்கடம் தருகிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள்.
3. ஐந்து நிமிடத்தில் முடியும் முதல் அடியைக் கண்டுபிடியுங்கள்.
4. நாள், நேரம், இடம் மூன்றையும் குறியுங்கள். ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு கோத்துவிடுங்கள்: ‘காபி குடித்ததும்’, ‘பிள்ளையைப் பள்ளியில் விட்டதும்’.
5. அந்த நேரத்தில் போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.
6. யாருக்கு, எப்போது காட்டுவேன் என்பதை அவரிடமே சொல்லிவிடுங்கள்.

இது வெறும் தள்ளிப்போடல்தானா?

குளிப்பது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைக்கூடத் தொடங்க முடியவில்லை, பிடித்த விஷயங்களில்கூட நாட்டமில்லை, இந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு, ரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்றவை இப்படி வெளிப்படலாம். சிறு வயதிலிருந்தே எதையும் முடிக்க முடியாமல் கவனம் சிதறுகிறவர்களுக்குக் கவனக்குறைபாட்டுக் கோளாறு இருக்கவும் வாய்ப்புண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; கட்டணம் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அறிவுரை தேவையில்லை, சிகிச்சைதான் தேவை.

தொடங்கிய எல்லாமே முடிந்துவிடுவதில்லை என்பதும் உண்மைதான். உ.வே.சா. தன் வாழ்க்கை வரலாறான ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் 1940-ல் தொடங்கியபோது அவருக்கு வயது 85-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது முடிந்திருக்கவில்லை. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அதை முடித்தார். பெரிய உழைப்பாளிகளுக்கும் ஒன்றிரண்டு மீதமாகும். ஆனாலும், முடியாமல் நின்ற ‘என் சரித்திரம்’ தமிழின் தலைசிறந்த தன்வரலாறுகளில் ஒன்றாக இன்றும் படிக்கப்படுகிறது. வயதாகிவிட்டது, இனி எங்கே முடிக்கப்போகிறோம் என்று அவர் தள்ளிப்போட்டிருந்தால், நமக்கு ஒரு பக்கம்கூடக் கிடைத்திருக்காது.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு வேலை ஞாபகம் வந்திருக்கும். முழுவதையும் இன்று முடிக்க வேண்டாம். அதற்கு ஒரு நாளும் நேரமும் குறித்து, ஒருவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.